பத்துக் காசு டையோடும் பூட்டிய அலமாரியும்



வழக்கமாக வலிமிகும் இடங்களையும் வகுப்பறை அனுபவங்களையும் எழுதிவரும் நான், இன்று மோட்டாரைப் பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியன் எதைத்தான் கற்பிக்காமல் இருக்கிறான்! காலையில் தமிழ்மொழி, அடுத்து அறிவியல், அதற்கும் அடுத்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும், விடுமுறை நாளில் புத்தாக்கக் கழகம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நாங்கள் 'மக்தாப்' என்று அழைத்த காலத்தில் பயின்றவன் நான். அன்று நான் கற்ற மின்சாரம் ஒரு மின்கலன், ஒரு விசை, ஒரு மின்குமிழ் என்ற அளவோடு முடிந்துவிட்டது. மின்குமிழ் மிகவும் நல்ல பிள்ளை. விசையைப் போட்டால் எரியும், எடுத்தால் அணையும், யாருக்கும் தீங்கு செய்யாது. மோட்டார் அப்படிப்பட்டதன்று என்பதை நாற்பது வயதைக் கடந்த பின்னர்தான் கற்றுக்கொண்டேன். அதுவும் ஒரு மாணவியின் கண்ணீரை விலையாகக் கொடுத்து!

2023-ஆம் ஆண்டு. மாவட்ட அளவிலான புத்தாக்கப் போட்டிக்கு முதல் நாள். அன்று வெள்ளிக்கிழமை. அக்காலத்தில் ஜொகூரில் வெள்ளியும் சனியுமே வார விடுமுறை (2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்துதான் சனி, ஞாயிறுக்கு மீண்டும் மாறினோம்). பள்ளியில் நானும் மூன்று மாணவர்களும் மட்டுமே இருந்தோம். மண்ணின் ஈரத்தை அளந்து, காய்ந்துவிட்டால் தானே நீர் ஊற்றும் கருவி ஒன்றை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். ஆர்டுயினோ ஊனோ பலகை ஒன்று, ஈர உணரி ஒன்று, சிறு எல்சிடி திரை ஒன்று, ஐந்து வோல்ட்டில் ஓடும் சிறிய நீர்ப்பம்பு ஒன்று. எல்லாவற்றையும் இணைத்தது பிரட்போர்டு எனப்படும் வெள்ளைத் துளைப்பலகை. (அந்தப் பெயருக்கும் ரொட்டிக்கும் உண்மையிலேயே தொடர்புண்டு. தொடக்கக்கால வானொலி ஆர்வலர்கள் சமையலறையில் ரொட்டி வெட்டும் மரப்பலகையில்தான் ஆணியடித்துத் தங்கள் கருவிகளைப் பொருத்தினார்களாம். அந்நாளைய இல்லத்தரசிகள் என்ன சொன்னார்களோ!)

சில வாரங்களாகவே அக்கருவி எங்களுக்கு முன்னெச்சரிக்கை கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. பம்பு நிற்கும் கணத்தில் சில வேளைகளில் திரையில் ஜாவியும் சீனமும் கலந்தாற்போல ஏதேதோ குறிகள் தோன்றும். மாணவர்கள் சிரிப்பார்கள், நான் மீட்டமைப்புப் பொத்தானை அழுத்துவேன், திரை சரியாகிவிடும். அத்தோடு மறந்துவிடுவோம். போட்டிக்கு முதல் நாள், பெட்டியில் இடம் போதவில்லை என்பதற்காகப் பெரிய ரிலேயை எடுத்துவிட்டு, இணையத்தில் பார்த்த ஒரு படத்தை நம்பிச் சிறிய டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்தேன். வைத்தவன் நான். இதனை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடியது. பிறகு பம்பு நிற்கவே இல்லை. மண் நனைந்துவிட்டது, திரையும் 'ஈரம்' என்றே காட்டியது. ஆயினும் நீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. பூச்சட்டி நிரம்பி, மேசை நிரம்பி, அட்டைப் பதாகையும் நனைந்தது. பதற்றத்தில் நான் கம்பியைப் பிடுங்கினேன். மீண்டும் இணைத்தபோது பலகையைக் கணினி அடையாளம் காண மறுத்துவிட்டது.

அந்த ஆறாம் ஆண்டு மாணவி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் எதையாவது தப்பாகத் தொட்டுவிட்டேனா, ஐயா?" என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். ஆனால் வேறு என்னதான் காரணம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. காரணம் சொல்லத் தெரியாத ஆசிரியரின் 'இல்லை'யை எந்தப் பிள்ளை நம்பும்? மறு வாரம் அவள் கழகத்திற்கு வரவில்லை.

காரணத்தைத் தேடிப் படித்தபோது எனக்குக் கிடைத்த முதல் வியப்பு, இதனை முதன்முதலில் கண்டு எழுதியவர்களுள் ஒருவர் நம்மைப் போன்ற ஒரு பள்ளி ஆசிரியர் என்பது! அமெரிக்காவின் ஆல்பனி நகரில் உள்ள ஒரு பள்ளியில் கணிதமும் இயற்கை அறிவியலும் கற்பித்தவர் ஜோசப் ஹென்றி. கற்பித்தல் சுமை மிகுதியாக இருந்ததால் பெரும்பாலும் பள்ளி விடுமுறையில்தான் ஆய்வு செய்தார். நீண்ட கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடும்போது இணைப்பைப் பிரித்தால், பிரியும் இடத்தில் பளிச்சென்று ஒரு பொறி பறப்பதைக் கண்டு 1832-இல் எழுதினார். குட்டைக் கம்பியில் அந்தப் பொறி இல்லை. இரண்டாண்டு கழித்து, 1834-இல், இலண்டனில் மைக்கேல் பாரடேயும் இதே புதிரை ஆராய்ந்தார். மின்காந்தத்தின் கம்பிகளைப் பிரிக்கும்போது கையில் அதிர்ச்சி தாக்குவதாக ஜென்கின் என்பவர் வந்து சொன்னதே அதற்குத் தூண்டுகோல். இன்று தன்மின்தூண்டலின் அலகுக்கு 'ஹென்றி' என்பதே பெயர்.

பிள்ளைகளுக்கு இதனை நான் நீரைக் கொண்டே விளக்குகிறேன். நம் பழைய வீடுகளில் குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டு வெடுக்கென்று மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று ஓர் அடி கேட்கும். ஓடிவந்த நீர் உடனே நிற்க மறுத்துக் குழாயை மோதும் ஒலி அது. மோட்டாருக்குள் இருப்பது கம்பிச்சுருள். அதில் மின்னோட்டம் பாயும்போது அதனைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. மின்னோட்டத்தைத் திடீரென வெட்டினால் அந்தக் காந்தப்புலம் சரிகிறது. சரியும்போது மின்னோட்டத்தை எப்படியாவது தொடர்ந்து ஓட்டிவிட முயல்கிறது. வழி இல்லையென்றால் வழி உண்டாகும்வரை மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு ஹென்றியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூண்டல் கொண்ட சுருளில் அரை அம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அதனை நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்தினால், கணக்குப்படி எழும் மின்னழுத்தம் 500 வோல்ட்! நடைமுறையில் அவ்வளவு உயரம் ஏறுவதற்கு முன்பே சுற்றில் உள்ளவற்றுள் எது வலுக்குறைந்ததோ அது உடைந்து வழிவிட்டுவிடும். நான் வைத்த டிரான்சிஸ்டர் தாங்கக்கூடியது நாற்பது வோல்ட்டுக்குள்தான். அதுதான் முதலில் உடைந்தது. உடைந்த டிரான்சிஸ்டர் பல வேளைகளில் திறந்த கதவாக இராது; மூட முடியாத கதவாகிவிடும். பம்பு நிற்காமல் ஓடியதன் காரணம் அதுவே. பம்புக்கு வேண்டிய மின்சாரத்தையும் பலகையின் ஐந்து வோல்ட்டுக் காலிலிருந்தே எடுத்திருந்தேன். அது என் இரண்டாவது தவறு. ஆர்டுயினோ ஊனோவின் மூளையாகிய சில்லு, தன் வழங்கு மின்னழுத்தத்தைவிட அரை வோல்ட் கூடுதலாக ஒரு காலில் வந்தாலே தாங்கும் எல்லையைத் தொட்டுவிடும் என்று அதன் தயாரிப்பாளரின் தரவுத்தாளிலேயே இருக்கிறது. அரை வோல்ட்! நாமோ அதன் அருகில் பம்பைக் கட்டி வைத்து நாளெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம்.

இடி இடித்தால் தொலைக்காட்சியின் கம்பியைப் பிடுங்கி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதே மின்னலின் குட்டி ஒன்று மோட்டார் நிற்கும் ஒவ்வொரு முறையும் மேசைமேல் பிறக்கிறது என்று எவரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

இதற்குத் தீர்வாக இருப்பது ஒரு டையோடு. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒருவழிக் கதவு. 1என்4007 என்ற எண்ணுடைய கறுப்புநிறச் சிறு உருளை. நான் வாங்கும் கடையில் ஒன்று பத்துக் காசு. அதனை மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே, வெள்ளிக் கோடு உள்ள பக்கம் நேர்முனையை நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது டையோடு சும்மா இருக்கும். நிறுத்தும் கணத்தில், போக வழியின்றித் தவிக்கும் மின்னோட்டத்துக்கு அது வழிவிடும். மின்னோட்டம் மோட்டாருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓய்ந்துவிடும். மின்னழுத்தம் ஒரு வோல்ட் அளவுக்குமேல் ஏறாது. திருப்பி வைத்துவிட்டால் மட்டும் அது மின்கலனையே குறுக்காக இணைத்துவிடும். ஆகவே கோட்டை இரு முறை பார்த்துவிட்டே விசையைப் போட வேண்டும். ரிலே வைத்தால் டையோடு வேண்டாம் என்பாரும் உளர். ரிலே அட்டையில் இருக்கும் டையோடு ரிலேயின் சொந்தச் சுருளுக்கானது, பம்பின் சுருளுக்கானதன்று. பம்புக்குத் தனியாக ஒன்று வேண்டும். எங்கள் திரையில் ஜாவி எழுத்து தோன்றிய மருமம் அங்கேதான் இருந்தது.

சொல்லால் விளக்குவதைவிடக் கண்ணால் காட்டுவது நன்று. இப்போது ஒவ்வோர் ஆண்டும் கழகத்தின் முதல் வகுப்பில் நான் செய்து காட்டுவது இதுதான். பழைய டெஸ்ட் பென் ஒன்றைப் பிரித்தால் உள்ளே சிறு நியோன் விளக்கு இருக்கும். ஏறத்தாழ அறுபது வோல்ட்டுக்கு மேல் கிடைத்தால்தான் அது ஒளிரும். ஐந்து வோல்ட் ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே அவ்விளக்கை இணைத்து, நான்கு சிறு மின்கலன்களால் சுருளுக்கு மின்சாரம் கொடுப்பேன். விளக்கு இருண்டே இருக்கும். ஆறு வோல்ட்டில் அது எப்படி எரியும்? பிறகு விளக்குகளை அணைத்து, சன்னல் திரையை இழுத்துவிட்டு, மின்கலனின் கம்பியைப் பிரிப்பேன். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மின்னல்! மாணவர்கள் 'ஆ' என்பார்கள். மின்சாரத்தைக் கொடுத்தபோது எரியாத விளக்கு, எடுத்தபோது எரிகிறது. இந்த முரண் பிள்ளைகளின் மனத்தில் தங்கும் அளவுக்கு எந்தப் பாடநூற் படமும் தங்குவதில்லை. அடுத்து டையோடை வைத்து மறுபடியும் பிரிப்பேன். இருட்டு. 'மறுபடியும், ஐயா' என்பார்கள். எத்தனை முறை பிரித்தாலும் இருட்டுத்தான். (கம்பியின் வெற்று முனைகளை விரலால் தொட்டுக்கொண்டு பிரிக்கக் கூடாது. ஜென்கினுக்கு நேர்ந்தது நமக்கும் நேரும். ஆபத்தில்லை என்றாலும் பிள்ளை அஞ்சிவிடும்.)

டையோடு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மோட்டாரின் குறும்புகள் பலவகை. நிற்கும்போது செய்வது ஒன்று. தொடங்கும்போது செய்வது வேறொன்று. மாணவர்கள் பயன்படுத்தும் மஞ்சள்நிறப் பல்சக்கர மோட்டார் தடையின்றி ஓடும்போது ஓர் அம்பியரில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எடுப்பதில்லை. ஆனால் புறப்படும் கணத்திலும், சக்கரம் எங்காவது சிக்கி நின்றுவிடும்போதும், ஓர் அம்பியரையே விழுங்கப் பார்க்கும். பலகையின் ஒரு காலிலிருந்து எடுக்கத் தகுந்தது 20 மில்லி அம்பியர் மட்டுமே. கணினியின் யுஎஸ்பி வழியாகப் பலகை பெறுவதும் 500 மில்லி அம்பியரோடு சரி. ஆகவே மோட்டார் புறப்படும்போது மின்னழுத்தம் சரிந்து, பலகை மயங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மாணவன் நிரலில் பிழை தேடி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். பிழை நிரலில் இல்லை, தம்பி, மின்கலனில் இருக்கிறது! சதுர வடிவ ஒன்பது வோல்ட் மின்கலனைக் கொண்டு மோட்டாரை ஓட்டும் பழக்கத்தையும் நம் பள்ளிகள் விட்டொழிக்க வேண்டும். அதில் வோல்ட் உண்டு, வலு இல்லை. மோட்டாருக்குத் தனி மின்கலன், பலகைக்குத் தனி மின்சாரம், இரண்டின் எதிர்முனைகளும் ஓரிடத்தில் மட்டும் இணைந்திருக்க வேண்டும். எதிர்முனையை இணைக்க மறந்தால் ஒன்றுமே ஓடாது. மோட்டாரின் கம்பி வெள்ளைப் பலகையின் மெல்லிய பற்களின் வழியே போகாமல் நேரே போவது நல்லது. தூரிகைகள் உரசிப் பறக்கும் நுண்பொறிகளை அடக்க, 104 என்று எழுதிய சிறு மின்தேக்கி ஒன்றை மோட்டாரின் முனைகளிலேயே பற்றவைக்கலாம்.

இங்கே ஓர் இடைச்செருகல். 'கப்பாசிட்டர்' என்றால் என்னவென்று பிள்ளை கேட்கிறது. 'மின்தேக்கி' என்றால் கேட்பதில்லை. தேக்கி வைப்பது என்று பெயரே சொல்லிவிடுகிறது. தமிழில் அறிவியல் முடியுமா என்று ஐயுறுவோர் ஒருநாள் எங்கள் கழகத்துக்கு வந்து பார்க்கலாம்.

முன்னும் பின்னும் ஓடும் வண்டி என்றால் ஒற்றை டையோடு உதவாது. திசை மாறியதும் அதுவே குறுக்கிணைப்பாகிவிடும். அதற்கு மோட்டார் இயக்கிச் சில்லு வேண்டும். எல்293 என்ற சில்லில் இல்லாத காப்பு டையோடுகள் எல்293டி என்ற சில்லுக்குள்ளேயே இருக்கின்றன. எல்298 சில்லுக்கு வெளியே வைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சிவப்பு அட்டையில் அவற்றை வைத்தே விற்கிறார்கள். அணைத்து வைத்த வண்டியைப் பிள்ளைகள் தரையில் தேய்த்து ஓட்டினால் மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பலகைக்குள் மின்சாரத்தைத் தள்ளும் என்பதும் பலர் அறியாதது. விளையாட்டுப் புத்தியைத் தடுக்க முடியுமா? காப்பைத்தான் வைக்க முடியும்.

இனி நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். நம் பள்ளிகளுக்கு இயந்திரனியல் பெட்டிகள் வராமல் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் உணவுச்சந்தை நடத்திச் சேர்த்த பணத்தில் வாங்குகிறது; முன்னாள் மாணவர்கள் அன்பளிக்கிறார்கள். வந்த பெட்டி முதல் மாதம் மேசையில் இருக்கும். ஒரு பலகை எரிந்தவுடன் அலமாரிக்குள் போய்விடும். 'விலை உயர்ந்த பொருள், பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள்' என்று பூட்டும் விழும். பிறகு போட்டிக் காலத்தில் தேர்ந்தெடுத்த மூவருக்காக மட்டும் திறக்கப்படும். பிள்ளைகள் கெடுக்கவில்லை; பத்துக் காசுப் பொருளை வைக்காத நாம்தான் கெடுத்தோம். பழியைப் பிள்ளைமேல் போட்டுப் பெட்டியைப் பூட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பலகைக்கு நூறு இருநூறு ரிங்கிட் செலவழிக்கும் பள்ளி, டையோடும் மின்தேக்கியும் மின்கலன் கூடும் வாங்க இருபது ரிங்கிட்டை ஒதுக்கலாகாதா?

"எல்லாக் காப்பும் உள்ளடங்கிய மூடிய பெட்டியையே வாங்கிவிடலாமே, இந்தச் சிக்கலெல்லாம் எதற்கு?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்வி. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நானும் அதனையே தருகிறேன். முதல் வெற்றி விரைவில் கிடைக்க வேண்டும். ஆனால் ஆறாம் ஆண்டிலும் மூடிய பெட்டிதான் என்றால், அப்பிள்ளை நிரல் எழுதக் கற்றதே அன்றி மின்சாரத்தைக் கற்கவில்லை. ஐந்தாம் ஆண்டு அறிவியலில் மின்சுற்று வருகிறது. அதே பிள்ளை அதே வாரத்தில் வேறொரு பாடவேளையில் மோட்டாரை ஓட்டுகிறது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஆசிரியர் ஒருவர் வேண்டும். ஜொகூரில் பல தமிழ்ப்பள்ளிகள் தோட்டப்புறங்களில், சிறு எண்ணிக்கையில் மாணவர்களோடு இயங்குகின்றன. அங்கே இரண்டு பாடங்களையும் கற்பிப்பவர் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான். அதனைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். இந்த ஒரு விடயத்தில் அது வாய்ப்பு என்பேன்.

ஆரம்பப் பள்ளிக்கு இது அதிகம் என்போருக்கு ஒன்று. பள்ளிப் படிப்பு மிகக் குறைவாகவே பெற்ற ஜி. டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோயம்புத்தூரில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கியது 1937-இல். கம்பிச்சுருள் தமிழன் கைக்குப் புதியதன்று. நம் பிள்ளைகள் மஞ்சள் மோட்டாரைக் கண்டு அஞ்ச வேண்டியதும் இல்லை.

அந்த மாணவியைச் சென்ற ஆண்டு பொங்கலன்று கோவிலில் கண்டேன். இடைநிலைப்பள்ளிச் சிறுமியாக வளர்ந்திருந்தாள். நலம் விசாரித்துவிட்டு, "அன்று பலகை எரிந்தது உன்னால் அன்று, நான் டையோடு வைக்க மறந்துவிட்டேன்," என்றேன். மறந்துவிட்டேன் என்பதுகூடப் பொய்தான். எனக்குத் தெரியாது என்பதே மெய். அதனையும் திருத்திச் சொன்னேன். அவள் சிரித்தாள். "நான் அப்போதே மறந்துவிட்டேன், ஐயா," என்றாள். அவள் தாயார் அருகில் நின்றிருந்தார். "மறக்கவில்லை, ஐயா, இன்னும் வீட்டில் மின்விசிறி விசையைக்கூட என்னைப் போடச் சொல்கிறாள்," என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

இந்தத் தவணையில் அலமாரிச் சாவியைக் கழகத் தலைவனான ஆறாம் ஆண்டு மாணவனிடம் கொடுத்திருக்கிறேன். அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு பழைய மிட்டாய் டப்பா ஒட்டியிருக்கிறது. அதில் ஐம்பது டையோடுகள். மோட்டாரை எடுப்பவர் டப்பாவிலிருந்து ஒன்றையும் எடுக்க வேண்டும். கோடு எந்தப் பக்கம் என்பதை இன்னொரு மாணவரிடம் காட்டிய பிறகே மின்கலனைப் பொருத்த வேண்டும். இதுவரை இரண்டு டையோடுகள் திருப்பி வைத்ததால் சூடேறிப் போயின. பலகை ஒன்றும் போகவில்லை. நியோன் விளக்கைத்தான் யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தம்பி தங்கையருக்குக் காட்டவாம். வேறொரு டெஸ்ட் பென் வாங்க வேண்டும்.